ரெண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியுது, ஆனா ஒண்ணும் ஓடல (ஏற்காடு வீடு)

மிளகுக்கொடி | வெள்ளி, மாலை 5.10

எல்லாருக்கும் வணக்கம். நான் சேலம் சூரமங்கலத்துல இருக்கேன், பிரச்சனை ஏற்காட்டுல. நாகலூர் பக்கம் எங்க அம்மா வீடு. அம்மா தனியாத்தான் இருக்காங்க. நேத்து போன் பண்ணி, "உள் ரூம் பாயிண்ட் செத்துப்போச்சு கண்ணு, ஹீட்டரும் ஓடல, போனும் சார்ஜ் ஏறல"ன்னாங்க. லீவு போட்டுட்டு இருபது கொண்டை ஊசியும் ஏறி வந்துட்டேன்.

ஹால்ல டிவி பாயிண்ட் நல்லா வேலை செய்யுது. எல்லா ரூம்லயும் லைட், ஃபேன் ஓடுது. செத்தது ரெண்டே ரெண்டு பாயிண்ட். உள் ரூம்ல கட்டில் பக்கம் ஒண்ணு, அதையொட்டி காப்பிக்கொட்டை மூட்டை வைக்கிற ரூம்ல ஒண்ணு. மெயின்ல பழைய பீங்கான் ஃபியூஸ்தான். கழட்டிப் பார்த்தேன், கம்பி எதுவும் அறுந்திருக்கல.

என் குழப்பம் என்னன்னா, டெஸ்டர் வச்சா எரியுது. அதுவும் ரெண்டு ஓட்டையிலும்! கரண்ட் டபுளா வருதா? அப்படின்னா சார்ஜர் ஏன் ஓடல? எலக்ட்ரீஷியன் யாரும் ரெண்டு மூணு நாளைக்கு வர முடியாதுங்கிறாங்க.

நாலுரோடு நந்து | வெள்ளி, மாலை 5.32

சாக்கெட் போயிருக்கும்ங்க. உள்ள பித்தளை நாக்கு விரிஞ்சிருந்தா பின்னைப் பிடிக்காது. புதுசு வாங்கி மாட்டிடுங்க, பத்து நிமிஷ வேலை.

கரண்ட்கணக்கு | வெள்ளி, மாலை 5.50

நந்து சொல்றது ஒரு பாயிண்ட் செத்திருந்தா சரி. ரெண்டு ரூம்ல ரெண்டு சாக்கெட் ஒரே நாள்ல விரியுமா?

மிளகுக்கொடி, ரெண்டு ஓட்டையிலும் எரிஞ்சப்ப, அந்த லைன்ல வேற ஏதாவது சொருகி இருந்துச்சா? இன்னொரு ரூம் பாயிண்ட்லயும் பாருங்க. சுவிட்ச் போட்டு இருந்துச்சா?

ஓய்வு வயர்மேன் | வெள்ளி, மாலை 6.15

நல்ல கேள்வி. அதோட இன்னொண்ணும் பாரும்மா. அந்த பாக்ஸ்ல சின்னதா சிவப்பு இண்டிகேட்டர் லைட் இருக்கா, அது எரியுதா? வேற எதையும் கழட்டாதே. நந்து தம்பி சொன்னாப்புலன்னு சாக்கெட்டை மாத்தப் போயிடாதே.

மிளகுக்கொடி | வெள்ளி, இரவு 7.05

ஐயா, நீங்க சொன்னது சரி. காப்பி ரூம் பாயிண்ட்ல பழைய டேபிள் லாம்ப் ஒண்ணு சொருகியே கிடந்தது, சுவிட்சும் போட்டிருந்துச்சு. அதை உருவிட்டு வந்து கட்டில் பக்கம் டெஸ்டர் வச்சேன். இப்ப வலது ஓட்டையில மட்டும் எரியுது, இடதுல எரியல. லாம்பைத் திரும்ப சொருகினா மறுபடி ரெண்டுலயும் எரியுது! என்னங்க மாயம் இது?

இண்டிகேட்டர் ரெண்டு பாக்ஸ்லயும் எரியல. அம்மாகிட்ட கேட்டேன். முந்தி ராத்திரியில எலிக்கண்ணு மாதிரி எரியும்னாங்க.

ஓய்வு வயர்மேன் | வெள்ளி, இரவு 7.40

மாயம் ஒண்ணுமில்ல. நியூட்ரல் கட்.

பேஸ், அதாவது கரண்ட் வர்ற ஒயர், உன் பாயிண்ட் வரைக்கும் வந்து நிக்குது. நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போற வழி, எங்கயோ அறுந்திருக்கு. லாம்பு சொருகி இருந்தா, பேஸ் லாம்புக்குள்ள போய் அந்தப்பக்கம் நியூட்ரல் கம்பிக்கு வந்துடும். மேற்கொண்டு போக வழியில்லாம அந்தக் கம்பி முழுக்கப் பேஸாவே நிக்கும். அதனால நியூட்ரல் ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். இதை நாங்க "ரிட்டன் வருது"ன்னு சொல்லுவோம். லாம்பை உருவினா அந்த வழி போச்சு, இடது ஓட்டை அணைஞ்சிடும். இண்டிகேட்டர் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல உட்கார்ந்திருக்கு. ஒரு காலுக்குத் தரையில்லன்னா அது எப்படி எரியும்?

டெஸ்டரை நம்பி ஏமாந்தவங்க நிறைய பேர். உள்ள இருக்கிற நியான் குமிழ் எரிய மைக்ரோ ஆம்பியர் கணக்குல கரண்ட் போதும், அதுவும் உன் உடம்பு வழியா தரைக்குப் போகுது. பேஸ் இருக்கான்னு மட்டும்தான் அது சொல்லும். நியூட்ரல் நல்லா இருக்கான்னு அதுக்குத் தெரியாது. நாப்பது வருஷ சர்வீஸ்ல "டெஸ்டர் எரியுது சார், ஆனா ஓடல"ன்னு வந்த வீடுகள்ல முக்கால்வாசி நியூட்ரல்தான்.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோ. இப்ப அந்த லைன்ல நியூட்ரல் கம்பிகூட ஷாக் அடிக்கும். "கறுப்பு ஒயர்தானே"ன்னு தொட்டுடாதே.

நாலுரோடு நந்து | வெள்ளி, இரவு 8.02

ஒரு நிமிஷம். இப்ப அந்த பாயிண்ட்ல ஏதாவது சின்ன எல்இடி லைட் போட்டுப் பாருங்க. மினுக்குன்னு எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு அர்த்தம், சாக்கெட் லூஸ்தான்.

மிளகுக்கொடி | வெள்ளி, இரவு 8.20

போட்டேன். ஜீரோ வாட்ஸ் எல்இடி மங்கலா எரியுது!! அப்ப உயிர் இருக்கா?

கரண்ட்கணக்கு | வெள்ளி, இரவு 8.31

ஏமாறாதீங்க. பைப்புக்குள்ள பேஸ் ஒயரும் நியூட்ரல் ஒயரும் பக்கத்துல பக்கத்துல ஓடுது. அறுந்த ஒயர்லகூட இண்டக்ஷன்ல கொஞ்சம் வோல்ட் ஏறும். எல்இடிக்கு அதுவே போதும், மினுங்கும். மல்டிமீட்டர் வச்சாகூட 40, 60, 80னு ஏதாவது காட்டிக் குழப்பும். உண்மையான லோடு கொடுத்தா அந்த வோல்ட் படுத்துடும். டேபிள் லாம்ப்ல பழைய குண்டு பல்பு, 40 இல்ல 60 வாட்ஸ், போட்டுப் பாருங்க. அது பொய் சொல்லாது.

மிளகுக்கொடி | வெள்ளி, இரவு 9.15

குண்டு பல்புக்கு எங்க போறதுன்னு முழிச்சேன். பக்கத்து வீட்டு அத்தை கோழிக்குஞ்சுக்குக் கூடையில சூடு வச்சிருந்தாங்க. அதுல இருந்து 60 வாட்ஸ் பல்பைக் கழட்டிக் கொடுத்தாங்க (குஞ்சுங்களுக்கு அதுவரைக்கும் சாக்குப் போர்த்திட்டோம்). டேபிள் லாம்ப்ல மாட்டி ஹால்ல சொருகினேன், பளிச்சுன்னு எரிஞ்சது. உள் ரூம்ல சொருகினேன், துளி வெளிச்சம் இல்ல. காப்பி ரூம்லயும் அப்படியே. பல்பைத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

தறிச்சத்தம் | வெள்ளி, இரவு 9.40

கோழிக்குஞ்சு வாழ்க 😀

அம்மாபேட்டையில இருந்து ஒரு சந்தேகம். எங்க தறி ஷெட்டும் வீடும் ஒரே த்ரீ பேஸ் சர்வீஸ். போன ஆடிக் காத்துல திடீர்னு ஒரு ரூம் லைட் கண்ணைக் கூசுற மாதிரி எரிஞ்சது, இன்னொரு ரூம்ல மங்கிப் போச்சு. டிவி புகைஞ்சு போச்சு. அதுவும் நியூட்ரல் கட்தான்னு சொன்னாங்க. இவங்களுக்கு அந்த மாதிரி ஆகாதா?

ஓய்வு வயர்மேன் | வெள்ளி, இரவு 10.05

உங்களுக்குப் போனது வெளி நியூட்ரல், சர்வீஸ் லைன்ல. த்ரீ பேஸ் வீட்டுல அது அறுந்தா 230க்குப் பதிலா ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்கிற 400 வோல்ட்டும் வீட்டுக்குள்ள பாகம் பிரிஞ்சு ஓடும். லோடு கம்மியா இருக்கிற பக்கம் எகிறும், ஜாஸ்தியா இருக்கிற பக்கம் படுக்கும். அந்த நேரத்துல மெயினை இறக்கிட்டு மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு போன் போடணும். நாம கை வைக்கிற இடம் இல்ல.

இந்தம்மா வீடு சிங்கிள் பேஸ். ஹால் பாயிண்ட் நல்லா ஓடுது. அறுந்தது வீட்டுக்குள்ள, ஹாலுக்கும் உள் ரூமுக்கும் நடுவுல.

நாலுரோடு நந்து | வெள்ளி, இரவு 10.20

நியூட்ரல்தான் பிரச்சனைன்னா ஈசி. சாக்கெட்லயே எர்த் பின் இருக்கே, அதுல இருந்து ஒரு துண்டு ஒயர் எடுத்து நியூட்ரல்ல லூப் அடிச்சுடுங்க. உடனே ஓடும். எங்க மாமா வீட்டுல ரெண்டு வருஷமா அப்படித்தான் ஓடுது.

தறிச்சத்தம் | வெள்ளி, இரவு 10.26

தம்பி, வேண்டாம் சாமி. எங்க ஷெட்டுல ஒருத்தர் அவசரத்துக்கு இதையே செஞ்சு வச்சுட்டுப் போனார். வெயில் காலம், எர்த் குழி காஞ்சு கிடந்தது. தறி ஃப்ரேமைத் தொட்ட பொண்ணு தூக்கி எறியப்பட்டுச்சு. கை முறிஞ்சதோட போச்சு, கடவுள் புண்ணியம்.

ஓய்வு வயர்மேன் | வெள்ளி, இரவு 10.30

நந்து, உங்க மாமா வீட்டுல நாளைக்கே போய் அதைப் பிரிச்சு விடுங்க. கோவிச்சுக்காதீங்க, இதைச் சிரிச்சுக்கிட்டே சொல்ல முடியல.

கரண்ட்கணக்கு | வெள்ளி, இரவு 10.52

ஏன்னு கணக்குப் போட்டே காட்டிடறேன். ஹீட்டர் 2000 வாட்ஸ்னு வைங்க, அதோட ரெசிஸ்டன்ஸ் சுமார் 26 ஓம். எர்த் குழி 10 ஓம்னு வைங்க, அதுவே சுமாரான குழிதான். நியூட்ரலுக்குப் பதிலா எர்த்ல விட்டா அந்தக் குழிமேல 63 வோல்ட் போல நிக்கும். பங்குனி சித்திரையில குழி காஞ்சு 50 ஓம் ஆச்சுன்னா 150 வோல்ட். அந்த எர்த் ஒயர்லதான் ஃபிரிட்ஜ் பாடி, கிரைண்டர் பாடி, வாஷிங் மெஷின் எல்லாம் தொங்குது. ஹீட்டர் உள் ரூம்ல ஓடும்போது சமையல்கட்டுல அம்மா ஈரக்கையோட கிரைண்டரைத் தொடுவாங்க.

ஃபியூஸும் போகாது. எர்த் வழியா போற 6 ஆம்பியர் கரண்ட், ஃபியூஸுக்குச் சாதாரண லோடு மாதிரிதான் தெரியும். ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா விழுற சுவிட்ச்) இருந்தா 30 மில்லி ஆம்பியர் கசிஞ்சாலே விழுந்து காப்பாத்தும். 60 வாட்ஸ் பல்பையே எர்த்ல போட்டா 260 மில்லி ஆம்பியர் போகும், ஆர்சிசிபி நிக்கவே விடாது. பீங்கான் ஃபியூஸ் வீட்டுல அதுவும் இல்ல.

நாலுரோடு நந்து | வெள்ளி, இரவு 11.10

சரிங்க, தெரியாம சொல்லிட்டேன். மாமாகிட்ட காலையில பேசுறேன்.

ஓய்வு வயர்மேன் | சனி, காலை 6.45

மிளகுக்கொடி அம்மா, இப்பத்தான் முக்கியமான கேள்வி. வீடு எந்த வருஷம் கட்டினது? அந்த ரெண்டு பாயிண்டும் வீடு கட்டும்போதே இருந்துச்சா, பின்னாடி எடுத்ததா? எடுத்திருந்தா எங்கிருந்து எடுத்தாங்கன்னு அம்மாவை விசாரி. அப்புறம், ஹீட்டர் எத்தனை வாட்ஸ், எந்த பிளக்ல ஓட்டினாங்க?

மிளகுக்கொடி | சனி, காலை 8.30

ஐயா, அம்மாவுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு, கணக்குப்பிள்ளை மாதிரி சொன்னாங்க. வீடு 1983ல கட்டினது. காப்பி ரூம் அப்புறம் சேர்த்தது. 2004ல அப்பா ஒரு ஆளை வச்சு ஹால்ல டிவிக்கு இருக்கிற சுவிட்ச் பாக்ஸ்ல இருந்து லைன் இழுத்து இந்த ரெண்டு பாயிண்டும் போட்டார்.

ஹீட்டர் கதைதான் நான் கேக்காம விட்டது. பொங்கலுக்குச் சித்தப்பா வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்திருந்தாங்க. பனி தாங்கலன்னு ராத்திரி முழுக்க ஹீட்டர் ஓடுச்சாம். 2000 வாட்ஸ். பெரிய பின் சின்ன சாக்கெட்ல நுழையாதுன்னு கன்வெர்ஷன் பிளக் வாங்கி மாட்டியிருக்காங்க. "ஒரு நாள் டிவி பாக்ஸ் பக்கம் காஞ்ச மீன் மாதிரி ஒரு வாடை வந்தது, பூனை கொண்டாந்து போட்டிருக்கும்னு தேடினேன்"ங்கிறாங்க அம்மா.

ஓய்வு வயர்மேன் | சனி, காலை 9.00

பூனை பாவம், அதும் மேல பழி. மீன் வாடை வந்தா சுவிட்ச் பாக்ஸைத்தான் மோந்து பாக்கணும். பேக்லைட்டும் இன்சுலேஷனும் சூட்டுல அந்த வாடைதான் அடிக்கும்.

2000 வாட்ஸ்னா 8.7 ஆம்பியர். உங்க பாயிண்ட் 6 ஆம்பியர். கன்வெர்ஷன் பிளக் பின்னோட அளவைத்தான் மாத்தும், ஒயரோட தடிப்பை மாத்தாது. மணிக்கணக்கா ஓடினா எங்க பிடி லூஸா இருக்கோ அங்க வெந்துபோகும்.

1983 வீடுன்னா அலுமினிய ஒயரா இருக்க வாய்ப்பு நிறைய. 2004ல இழுத்தது காப்பரா இருக்கும். அலுமினியத்தையும் காப்பரையும் சேர்த்து முறுக்கி டேப் சுத்தியிருந்தாங்கன்னா, அங்கதான் உங்க நியூட்ரல் செத்திருக்கணும். அலுமினியம் சூட்டுல விரிஞ்சு, ஆறினா சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமா பிடி விடும். மேல படியிற ஆக்சைடு கரண்ட்டைக் கடத்தாது. ஏற்காட்டு ஈரம் வேற. மழைக்காலத்துல பாக்ஸுக்குள்ள தண்ணி முத்து முத்தா நிக்கும். ரெண்டு உலோகம், நடுவுல ஈரம்னா அலுமினியம்தான் முதல்ல அரிச்சுப்போகும். அடிவாரத்துல இதே முறுக்கு இதைவிட நாள் தாங்கும்.

டிவி பாக்ஸைத் திறந்து பாக்கலாம். ஆனா மெயினை இறக்கிட்டு, இறக்கினது நிஜமா இறங்குச்சான்னு பாத்துட்டு.

மிளகுக்கொடி | சனி, காலை 9.50

மெயினை இறக்கிட்டேன். ஃபியூஸையும் உருவிட்டேன். ஹால் லைட் இன்னும் எரியுதுங்க!!!

கரண்ட்கணக்கு | சனி, காலை 9.52

கையை எடுங்க. இன்வெர்ட்டர் இருக்கா?

மிளகுக்கொடி | சனி, காலை 9.58

ஐயோ ஆமா. இங்க காத்தடிச்சா சில்வர் ஓக் கிளை லைன்ல விழுந்து கரண்ட் போயிடும்னு தம்பி போன வருஷம்தான் வச்சுக் கொடுத்தான். லைட்டும் ஃபேனும் அதுல ஓடுது.

ஓய்வு வயர்மேன் | சனி, காலை 10.05

இன்வெர்ட்டர் முன்னாடி இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணு. அதோட பிளக்கையும் உருவு. வீட்டுக்குப் போற அவுட்புட் ஒயர் பிளக்ல வந்தா அதையும் உருவு. லைட் அணையணும். அப்புறம் டிவி பாக்ஸ்ல எல்லா ஓட்டையிலும் டெஸ்டர் வை. டெஸ்டர் வேலை செய்யுதான்னு மெயினை இறக்கறதுக்கு முன்னாடியே ஒரு தரம் எரிய வச்சுப் பாத்துக்கணும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாதுதான். செருப்பு போட்டுக்கோ, அம்மாவை மெயின் பக்கத்துல நிறுத்து, யாரும் வந்து போட்டுடாம.

மிளகுக்கொடி | சனி, காலை 11.20

திறந்துட்டேன். கை நடுங்குச்சு, அது வேற கதை.

ஐயா சொன்னதேதான். உள்ள ஒரு பக்கம் எறும்பு மண் கூடு. அதுக்குப் பின்னாடி டேப் சுத்தின முறுக்கு ஒண்ணு. டேப் கருகி விறைச்சுப்போய், தொட்டா கொட்டுது. பிரிச்சா வெள்ளையா மாவு மாதிரி. வெள்ளி நிற ஒயர் பாதி அரிச்சு உதிர்ந்திருக்கு, செம்புக் கம்பி மட்டும் தனியா நிக்குது. பேஸ் ஒயரை மட்டும் முறுக்காம சுவிட்ச் ஸ்குரூல மாட்டியிருக்காங்க, அதனால தப்பிச்சிருக்கு. கறுப்பு ஒயரோட மேல்தோல் ரெண்டு அங்குலம் வரைக்கும் பழுப்பாகிக் கிடக்கு.

மாவைச் சுரண்டிட்டு மறுபடி முறுக்கிடவா?

ஓய்வு வயர்மேன் | சனி, காலை 11.35

வேண்டாம்மா. இன்னிக்கு ஓடும், அடுத்த மழையில மறுபடி வாடை வரும். சுவருக்குப் பின்னாடி மரரீப்பர் இருந்தா தீயே பிடிக்கும்.

இப்ப நீ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. உள் ரூமுக்குப் போற பேஸ் ஒயரையும் சுவிட்ச்ல இருந்து கழட்டி, ரெண்டு முனைக்கும் தனித்தனியா டேப் சுத்தி ஒதுக்கி வை. நியூட்ரல் இல்லாம பேஸ் மட்டும் அங்க நிக்கக் கூடாது. பாக்ஸை மூடிட்டு மெயினைப் போடு. டிவி ஓடும். அம்மா போனை ஹால்ல சார்ஜ் போடட்டும்.

வர்ற ஆள்கிட்ட ஹால் பாக்ஸைத் தொடாம மெயின்ல இருந்தே நேரா உள் ரூமுக்குப் புது லைன் இழுக்கச் சொல்லு. 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர், பேஸ், நியூட்ரல், எர்த் மூணும். கட்டில் பக்கம் 16 ஆம்பியர் சாக்கெட். அதுக்குத் தனியா எம்சிபி, அதாவது லோடு மீறினா தானா விழுற சுவிட்ச். பழைய மெயின்ல நியூட்ரல்லயும் பீங்கான் ஃபியூஸ் போட்டிருக்கான்னு பாக்கச் சொல்லு. அந்தக் காலத்துல போடுவாங்க. அது போனா வீடே செத்த மாதிரி தெரியும், ஆனா பேஸ் உள்ள உயிரோட நிக்கும். இருந்தா எடுத்துட்டு லிங்க் (ஃபியூஸ் இல்லாத நேர் இணைப்பு) போடணும். முடிஞ்சா கையோட ஆர்சிசிபியும்.

தறிச்சத்தம் | சனி, மதியம் 1.10

ஒயர் காயில் பொதுவா 90 மீட்டர் வரும். வெட்டி வாங்கினா கடைக்காரர் மீட்டருக்கு ஏத்திப் போடுவார். வீடு பூராவும் அலுமினியம்னா மிச்ச ஒயருக்கு வேலை இருக்கு, முழு காயிலாவே வாங்கிக்கோங்க. மேல ஏற்காட்டுல தேடாம செவ்வாய்பேட்டையில வாங்கிட்டு ஏறுங்க.

மிளகுக்கொடி | புதன், இரவு 9.00

நேத்து லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருத்தர் கீழ இருந்து வந்தார். வந்ததும் டிவி பாக்ஸைப் பாத்துட்டு, "யாரும்மா இதைக் கழட்டி ஒதுக்கி வச்சது?"ன்னு கேட்டார். நான்தான்னேன். ஒண்ணும் சொல்லல, தலையை ஆட்டிக்கிட்டார். அம்மா அதையே மூணு பேருக்கு போன்ல சொல்லியாச்சு.

நியூட்ரல்ல ஃபியூஸ் இருந்துச்சு ஐயா! எடுத்துட்டு லிங்க் போட்டுட்டார். புது லைன், 16 ஆம்பியர் சாக்கெட், எம்சிபி, ஆர்சிசிபி எல்லாம் ஆச்சு. ஆர்சிசிபி போட்டதும் மூணு தரம் விழுந்தது. தேடிப் பாத்தா வெளி பாத்ரூம் லைட் ஹோல்டர்ல தண்ணி இறங்கியிருக்கு. எத்தனை வருஷமா கசிஞ்சுதோ. எர்த் குழி காஞ்சு கிடந்ததால உப்பும் கரியும் புதுசா போட்டு தண்ணி ஊத்தினோம்.

ஹாலோட அலுமினிய ஒயரை மழைக்கு முன்னாடி மாத்தணும்னு சொல்லியிருக்கார். அதுவரைக்கும் டிவி தவிர எதுவும் சொருகக்கூடாதுன்னு அம்மாவே அட்டையில எழுதி ஒட்டிட்டாங்க.

நாலுரோடு நந்து | புதன், இரவு 9.25

மாமா வீட்டு லூப்பைப் பிரிச்சாச்சு. அங்கயும் நியூட்ரல்தான், சாக்கெட் ஸ்குரூ லூஸ். முறுக்கினதும் ஓடிருச்சு. ரெண்டு வருஷம் சும்மாவே எர்த்ல ஓட்டியிருக்கார். ஃபிரிட்ஜைத் தொட்டா "லேசா ஜிவ்வுன்னு இருக்கும்"னு அத்தை சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, யாரும் காதுல வாங்கல.

ஓய்வு வயர்மேன் | வியாழன், காலை 6.30

நல்லது தம்பி.

மிளகுக்கொடி அம்மா, ஹீட்டருக்கு வாங்கி வச்சிருக்கிற அந்த கன்வெர்ஷன் பிளக் எங்க இருக்கு?

மிளகுக்கொடி | வியாழன், காலை 8.10

அடுப்புல போட்டுட்டாங்க ஐயா. வாடை அடிச்சதாம், பூனை ஓடியே போச்சு.